காரில் குழந்தையின் இடம் எது? மடி அல்ல, பின் சீட்

திருச்சி விமான நிலையத்தின் வெளிவாசலில் அரை மணி நேரம் நின்றால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். துபாயிலிருந்தோ ஷார்ஜாவிலிருந்தோ விடுமுறைக்கு வரும் குடும்பம். பெட்டிகள் டிக்கியில் ஏறுகின்றன. இடம் போதாமல் இரண்டு பெட்டி மேலே கேரியருக்குப் போகிறது. அழைத்துப் போக வந்த நன்னா, நன்னி, மச்சான், மாமி மகள் என்று பின் சீட் ஏற்கெனவே நிறைந்துவிட்டது. "பிள்ளைய வச்சிக்கிட்டு நீ முன்னாடி ஏறிக்கம்மா, ஏசி நல்லா வரும்" என்று அன்போடு முன் கதவைத் திறந்துவிடுகிறார்கள். கைக்குழந்தையோடு அவள் ஏறுகிறாள். ஊர் கூத்தாநல்லூரோ அதிராம்பட்டினமோ, இனி இரண்டு மூன்று மணி நேரத்துக்கு அந்தக் குழந்தைக்குத் தாயின் மடிதான் சீட்.

நேற்று வரை இதே குழந்தை அங்கே காரின் பின் சீட்டில், தனக்கென்று வாங்கிய சீட்டில், பெல்ட் போட்டு உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தது. அமீரகத்தில் 2017 முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தைக்குச் சைல்டு சீட் கட்டாயம். இல்லையென்றால் 400 திர்ஹம் அபராதம். பத்து வயதும் 145 சென்டிமீட்டர் உயரமும் ஆகாத பிள்ளையை முன் சீட்டில் உட்கார வைப்பதும் குற்றம். அங்கே அபராதத்துக்குப் பயந்து செய்ததை, ஊருக்கு வந்ததும் விட்டுவிடுகிறோம். ரோடு மாறியதே தவிர, குழந்தையின் கழுத்து மாறவில்லை.

கேள்விக்கு நேரடியான பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் பயணம் தொடங்கி, ஏறத்தாழ 12 வயது முடியும் வரை பிள்ளையின் இடம் பின் சீட்தான். அதிலும் தன் வயதுக்கும் உயரத்துக்கும் பொருந்திய சீட்டில், பெல்ட்டோடு. முன் சீட்டில் உம்மாவின் மடி, ஸ்டியரிங்குக்கு முன்னால் வாப்பாவின் மடி, இரண்டு சீட்டுக்கும் நடுவே எழுந்து நிற்பது, டிக்கியில் பெட்டிகளோடு உட்காருவது, இவை எதுவும் இடமே அல்ல.

மடி ஏன் தாங்காது

"என் பிள்ளையை நான் விடுவேனா?" என்று எந்தத் தாயும் கேட்பாள். நியாயமான கேள்வி. ஆனால் இது பாசம் சம்பந்தப்பட்ட விஷயமல்ல, எடை சம்பந்தப்பட்டது.

கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஒன்றும் பெரிய வேகமல்ல, ஊருக்குள் போகிற வேகம். எதிரே ஒரு லாரியின் பின்புறத்திலோ புளியமரத்திலோ மோதினால், கார் ஏறத்தாழ ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிடும். கார் நிற்கும், உள்ளே இருப்பவர்கள் அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் போய்க்கொண்டிருப்பார்கள். அந்தக் கணத்தில் பத்து கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்தச் சராசரியாக 140 கிலோவைத் தாங்கும் பலம் கைகளுக்கு வேண்டும். உச்சக் கணத்தில் அது இன்னும் அதிகம். இரண்டு மூட்டை சிமெண்டும் அதற்கு மேல் இன்னொன்றில் முக்கால் பங்கும், யாரும் சொல்லாமல் கொள்ளாமல் கையில் வந்து விழுவது போல. பிறந்து சில வாரமான ஐந்து கிலோ பச்சிளம் பிள்ளைக்கே 70 கிலோ கணக்கு. கண்ணிமைக்கும் நேரத்தில் இதைத் தாங்கும் கை எந்தத் தாய்க்கும் இல்லை, எந்தப் பயில்வானுக்கும் இல்லை.

இன்னொரு விதமாகவும் இதைப் பார்க்கலாம். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். மூன்றாவது மாடிக் கைப்பிடிச் சுவரில் குழந்தையை உட்காரவைத்து "நான்தான் பிடிச்சிருக்கேனே" என்று நாம் யாரும் சொல்வதில்லை.

தாய் பெல்ட் போடாமல் மடியில் பிள்ளையை வைத்திருந்தால் கதை இன்னும் மோசம். முன்னால் போகும் குழந்தைக்கும் டேஷ்போர்டுக்கும் இடையில் எதுவும் இல்லை. பின்னாலிருந்து 60 கிலோ எடையுள்ள தாயின் உடம்பு அதே வேகத்தில் குழந்தையின் மேல் வந்து விழுகிறது. சிலர் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: தன்னையும் குழந்தையையும் சேர்த்து ஒரே பெல்ட்டை மாட்டிக்கொள்வது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பெல்ட் இறுகும்போது தாயின் முழு எடையும் குழந்தையின் வயிற்றிலும் மார்பிலும் அழுத்தும். தாயைக் காப்பாற்றுகிற அதே பெல்ட் பிள்ளையை நசுக்கிவிடும்.

இதற்கெல்லாம் பெரிய விபத்து நடக்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடினால் போதும், டிரைவர் பிரேக்கை ஓங்கி மிதிப்பார். இரவுப் பயணத்தில் தாய் கண்ணயர்ந்திருந்தால் கைப்பிடி தளர்ந்திருக்கும். என் மூத்த மகனையும் நாங்கள் இப்படி மடியில்தான் கொண்டு போனோம். ஒரு நாள் நெற்றியில் புடைத்த வீக்கத்தோடு தப்பினான், அல்ஹம்துலில்லாஹ். அன்றைக்குக் கூட டிரைவரைத்தான் திட்டினோம்.

முன் சீட்டும் ஏர்பேக்கும்

"இப்போதான் வண்டியில ஏர்பேக் இருக்கே" என்பது அடுத்த பதில். முன் சீட்டைக் குழந்தைக்கு ஆபத்தாக்குவதே அதுதான்.

மோதல் நடந்தவுடன் டேஷ்போர்டுக்குள் மடித்து வைத்திருக்கும் பை, ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்குக்குள் வெடித்து விரிகிறது. அது வெளியே வரும் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். பெல்ட் போட்டு, தள்ளி உட்கார்ந்திருக்கும் பெரியவரின் மார்பையும் முகத்தையும் தாங்குவதற்காகக் கணக்கிட்டு வைத்த வேகம் அது. பை முழுதாக விரிந்த பிறகு அதில் போய்ச் சாய்வதுதான் பாதுகாப்பு; விரியும்போதே அதன் வழியில் இருப்பவருக்கு அது ஓர் அடி. மடியில் இருக்கும் பிள்ளையின் தலை சரியாக அந்த வழியில்தான் இருக்கிறது.

இது வெறும் அனுமானம் அல்ல. அமெரிக்காவில் ஏர்பேக் பரவலான 1990களில் இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள். 1990க்கும் 2008க்கும் இடையில், குறைந்த வேக விபத்துகளில் ஏர்பேக் விரிந்ததாலேயே இறந்தவர்கள் 290 பேருக்கு மேல். முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்து இப்படி இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சிறு பிள்ளைகளும் கைக்குழந்தைகளும்தான். வண்டியில் இருந்த பெரியவர்கள் சிராய்ப்போடு இறங்கி நடந்திருக்கக்கூடிய மோதல்கள் அவை. 12 வயது வரை பின் சீட் என்ற பழக்கம் அங்கே அதற்குப் பிறகுதான் வேரூன்றியது. பிற்பாடு வந்த வண்டிகளில் பையின் வேகத்தைக் குறைத்தும் எடை அறியும் சென்சார் வைத்தும் திருத்தினார்கள். ஆனாலும் பிள்ளை பின்னால்தான் என்ற அறிவுரையை யாரும் திரும்பப் பெறவில்லை.

நம் நாட்டில் 2022 தொடங்கி விற்பனைக்கு வரும் கார்களில் டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் இருக்கிறது. அதற்கு முந்தைய வண்டி என்றால் இடது பக்க டேஷ்போர்டின் மேல் எஸ்ஆர்எஸ் ஏர்பேக் என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். முன் சீட்டின் வெயில் மறைப்பு அட்டையைக் கீழே இறக்கினால், குழந்தையின் சீட்டின் மேல் குறுக்குக்கோடு போட்ட ஒரு மஞ்சள் எச்சரிக்கைப் படம் இருக்கும். முகம் பின்பக்கம் பார்க்கும்படியான குழந்தை சீட்டை இங்கே வைக்காதே என்பது அதன் பொருள். அப்படி வைத்தால் ஏர்பேக் நேராக அந்த சீட்டின் முதுகை, அதாவது குழந்தையின் தலைக்குப் பின்னால் அறையும். பின் சீட்டே இல்லாத வண்டியில் வேறு வழியில்லாமல் பிள்ளையை ஏற்ற நேர்ந்தால், ஏர்பேக்கை நிறுத்தும் சுவிட்ச் இருக்கிறதா என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் பார்த்து நிறுத்த வேண்டும். சீட்டை முடிந்தவரை பின்னுக்குத் தள்ள வேண்டும்.

ஏர்பேக் இல்லாத பழைய வண்டியானால் முன் சீட் பரவாயில்லையா? இல்லை. அங்கே டேஷ்போர்டும் கண்ணாடியும் காத்திருக்கின்றன. பெரும்பாலான கடும் மோதல்கள் முன்பக்கமாக நடக்கின்றன. அந்த முனையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

வாப்பாவின் மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிக்கும் பிள்ளையை வீடியோ எடுத்து குடும்ப குரூப்பில் போடுகிறார்கள். ஸ்டியரிங் நடுவிலும் ஒரு ஏர்பேக் இருக்கிறது. பெரியவர்களே அதிலிருந்து 25 சென்டிமீட்டராவது தள்ளி உட்கார வேண்டும் என்பது விதி. அந்த 25 சென்டிமீட்டருக்குள்தான் அந்தப் பிள்ளை இருக்கிறது.

பின் சீட்டில் எந்தப் பக்கம்?

மூன்று வயது வரையிலான குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2008இல் வெளிவந்தது. பின் சீட்டின் ஓரங்களைவிட நடுவில் சைல்டு சீட்டோடு இருந்த பிள்ளைகளுக்குக் காயமடையும் அபாயம் 43 விழுக்காடு குறைவாக இருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து மோதினாலும் நடு இடம் தள்ளியே இருக்கும் என்பதுதான் காரணம்.

ஆனால் இதை அப்படியே நம் வண்டிகளுக்குப் பொருத்த முடியாது. நம் ஊரில் ஓடும் பல சிறிய கார்களில் நடு இடம் மேடாக இருக்கும். அங்கே இடுப்புக்கு மட்டும் போடும் பெல்ட்தான் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. சீட்டைக் கொக்கி போல மாட்டும் ஐசோஃபிக்ஸ் கம்பிகளும் பெரும்பாலும் இரண்டு ஓரங்களில்தான் உண்டு. ஆட்டம் இல்லாமல் இறுக்கமாகச் சீட்டைப் பொருத்த முடிகிற இடமே நல்ல இடம். நடுவில் தளர்வாக இருப்பதைவிட ஓரத்தில் இறுக்கமாக இருப்பது எவ்வளவோ மேல்.

ஓரம் என்று முடிவானால், நம் நாட்டில் இடது பக்கம். வண்டி நிற்கும்போது இடது கதவு நடைபாதைப் பக்கம் திறக்கும். பிள்ளையை இறக்கும்போது பின்னால் வரும் பைக்குக்குப் பயப்பட வேண்டாம். உம்மா முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் திரும்பிப் பார்ப்பதும் எளிது. வளைகுடாவில் வண்டிகள் வலது பக்கம் ஓடுவதால் அங்கே இது வலது ஓரமாக மாறும்.

ஏழு பேர் போகிற பெரிய வண்டிகளில் மூன்றாவது வரிசை பிள்ளைகளுக்கு என்றே ஒதுக்கப்படுகிறது. முன்னோக்கிய சீட்டும் பெல்ட்டும் இருந்தால், பெல்ட் சரியாகப் படியும் வளர்ந்த பிள்ளைகள் அங்கே உட்காரலாம். பழைய ஜீப் வகை வண்டிகளின் கடைசியில் எதிரெதிரே பக்கவாட்டில் பார்த்தபடி உட்காரும் பலகைச் சீட்டுகள் வேறு விஷயம். அவற்றில் பெரும்பாலும் பெல்ட் கிடையாது. பின்னால் வரும் வண்டிக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு தகரக் கதவு மட்டும்தான். நிக்காஹுக்குப் போகும் வண்டியில் பிள்ளைகளை மொத்தமாக அங்கே அள்ளிப் போடுவது நம் வழக்கம். அதற்கு இன்னொரு வண்டி பிடிப்பதே மேல். சன்ரூஃப் வழியாகப் பிள்ளைகள் தலையை நீட்டி நிற்பதைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் ஒவ்வொரு பெருநாளுக்கும் ஈசிஆர் ரோட்டில் அதைப் பார்க்கிறோம்.

எந்த வயதில் எந்த சீட்

பச்சிளம் பிள்ளையின் தலை அதன் உடல் நீளத்தில் கால் பங்கு. பெரியவர்களுக்கு எட்டில் ஒரு பங்குதான். அவ்வளவு பெரிய தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகளோ இன்னும் முழுதாக இணையாதவை. நடுவே குருத்தெலும்பாகவே இருக்கும். முன்னோக்கி உட்கார்ந்திருக்கும்போது வண்டி மோதினால் உடம்பைப் பெல்ட் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் வீசப்படும். அந்த முழு இழுப்பும் கழுத்தில் விழும். முகம் வண்டியின் பின்பக்கம் பார்க்க உட்கார வைத்தால் அதே மோதலில் தலை, கழுத்து, முதுகு எல்லாம் ஒன்றாகச் சீட்டின் முதுகில் பதியும். உள்ளங்கையில் ஏந்திக்கொள்வது மாதிரி.

ஆகவே முதல் விதி: பின்பக்கம் பார்த்து, எவ்வளவு காலம் முடியுமோ அவ்வளவு காலம். ஐரோப்பாவின் புதிய ஆர்129 தர விதிப்படி 15 மாதம் வரை இது கட்டாயம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் வயதைக் கணக்குப் பார்க்காமல், அந்த சீட் தாங்கும் அதிகபட்ச எடையோ உயரமோ வரும் வரை அப்படியே வைக்கச் சொல்கிறது. ஸ்வீடனில் நான்கு வயது வரை பின்பக்கம் பார்த்துப் போவது சாதாரணம். "கால் மடங்குதே, பாவம்" என்பார்கள். பிள்ளைகள் சம்மணம் போட்டுக்கொள்ளும். கால் மடங்குவதால் ஒன்றும் ஆகாது.

அந்த அளவைத் தாண்டியதும் முன்னோக்கிய சீட். ஐந்து இடங்களில் பிடிக்கும் வார்ப் பட்டை அதில் இருக்கும். பின்பக்கம் பார்க்கும்போது பட்டை தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். முன்பக்கம் பார்க்கும்போது தோளுக்குச் சமமாகவோ சற்று மேலிருந்தோ வர வேண்டும். மாட்டிய பிறகு தோளருகே பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கையில் சிக்கினால் தளர்வு என்று அர்த்தம். சீட்டை அடிப்பகுதியில் பிடித்து ஆட்டினால் எந்தப் பக்கமும் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக்கூடாது. சீட் வாங்கும் வீடுகளில் கூட இந்த இரண்டில்தான் தவறு நடக்கிறது.

பிறந்த குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றித்தான் வெளியே கொண்டு போவோம். சீட்டில் அது ஒத்துவராது; பட்டை இரண்டு காலுக்கும் நடுவே வர வேண்டும். கால்சட்டை போட்டு, பட்டையை மாட்டிய பின் மேலே போர்த்திவிடுங்கள். தாடை நெஞ்சில் குத்தும்படி தலை தொங்கக்கூடாது, சின்னக் குழந்தைக்கு அதில் மூச்சு தடைபடலாம். அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது வண்டியை நிறுத்திக் குழந்தையை வெளியே எடுக்கச் சொல்கிறார்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்றால் நீண்ட பயணத்துக்கு முன் டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

பட்டை சீட்டையும் தாண்டி வளர்ந்த பிள்ளைக்குப் பூஸ்டர். காரின் பெல்ட் பெரியவர்களின் அளவுக்குச் செய்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது கழுத்தில் உராயும், இடுப்புப் பகுதி வயிற்றின் மேல் ஏறும். மோதலில் அந்தப் பெல்ட் வயிற்றுக்குள் இறங்கிக் குடலையும் ஈரலையும் கிழிக்கும். பூஸ்டர் பிள்ளையை உயர்த்தி, பெல்ட்டை இடுப்பெலும்பின் மேலும் தோளின் நடுவிலும் படிய வைக்கிறது. உயரம் சுமார் 145 சென்டிமீட்டர் ஆகும் வரை, அதாவது பத்து பன்னிரண்டு வயது வரை இது தேவைப்படும். முதுகு சீட்டில் முழுதாக ஒட்டியபடி, முழங்கால் சீட் விளிம்பில் மடங்கினால் பூஸ்டரை எடுத்துவிடலாம். கழுத்தில் படுகிறது என்று பெல்ட்டைக் கக்கத்துக்குக் கீழே விடுவதும், ஒரே பெல்ட்டில் இரண்டு பிள்ளைகளைக் கட்டுவதும் பெல்ட் போடாததற்கு அதிக தூரமில்லை.

இதற்கெல்லாம் பலன் உண்டா என்றால், கார் விபத்துகளில் சரியான சீட் கைக்குழந்தைகளின் மரண அபாயத்தை 71 விழுக்காடும், ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு 54 விழுக்காடும் குறைப்பதாக அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை கணக்கிட்டிருக்கிறது.

வீட்டில் எழும் ஆட்சேபணைகள்

சட்டம் இங்கேயும் இருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். மலேசியாவில் 2020 ஜனவரி முதல் சைல்டு சீட் கட்டாயம், சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்கு அதற்கேற்ற சீட்டோ பூஸ்டரோ வேண்டும். அங்கே குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஆனால் நம் ஊரில் சட்டத்தைச் சொல்லி ஒரு வாப்பும்மாவைச் சம்மதிக்க வைக்க முடியாது.

"எங்க காலத்துல இதெல்லாமா இருந்துச்சு? அல்லாஹ் பாத்துக்குவான்" என்பார்கள். அவர்கள் காலத்தில் ரோடு காலியாக இருந்தது, வண்டி மெதுவாகப் போனது. மற்றபடி ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைக்கும் விஷயத்தை நமக்குச் சிறு வயதில் சொல்லிக்கொடுத்தவர்களே அவர்கள்தான். நினைவூட்டினால் சிரித்துவிட்டு ஒப்புக்கொள்வார்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. குழந்தையின் சீட்டுக்குப் பக்கத்து இடத்தை வாப்பும்மாவுக்கே கொடுத்துவிடுங்கள். விரலைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே வர ஒரு ஆள் இருந்தால் பிள்ளையின் அழுகை பாதி குறையும். தன் கையிலிருந்து பறித்துவிட்டார்கள் என்ற வருத்தமும் அவருக்கு இருக்காது.

பிள்ளை அழும்தான். முதல் நாலைந்து பயணம் அழும். பிறந்ததிலிருந்தே பழக்கினால் அதுவும் இருக்காது. ஒன்றரை வயதில் தொடங்கினால்தான் போராட்டம். பால் கொடுக்க வேண்டுமானால் வண்டியை ஓரம் கட்டுங்கள். ஓடுகிற வண்டியில் குழந்தையை எடுத்துக் கொடுப்பதைவிடப் பத்து நிமிடம் தாமதமாக வலீமாவுக்குப் போய்ச் சேரலாம். பிரியாணி தீர்ந்துவிடாது.

"பக்கத்துத் தெருதானே" என்பதும் அடிக்கடி கேட்கிற பேச்சு. 40 கிலோமீட்டர் வேக மோதல் இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். பக்கத்துத் தெருவிலும் 40இல் போகிறோம்.

செலவைப் பற்றி: சில ஆயிரம் ரூபாயிலிருந்து சீட் கிடைக்கிறது, பிறந்த அன்றிலிருந்து நான்கு வயது வரை இரு பக்கமும் திருப்பிப் பயன்படுத்தும் வகையை வாங்கினால் இடையில் இன்னொன்று வாங்க வேண்டாம். ஈ என்ற எழுத்து வட்டத்துக்குள் அச்சான, ஆர்44/04 அல்லது ஆர்129 தரச்சீட்டு ஒட்டிய சீட்டாகப் பாருங்கள். குழந்தை பிறந்ததும் தங்க மோதிரம், கொலுசு என்று கொண்டு வரும் சொந்தங்களிடம் இதைக் கேட்டு வாங்கலாம், தப்பில்லை. ராத்தா வீட்டில் சும்மா கிடக்கும் சீட்டை வாங்குவதும் நல்லதுதான். ஆனால் அது விபத்தில் சிக்கியதா, பட்டை அறுந்திருக்கிறதா, பின்புறம் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதி தாண்டிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விபத்தில் சிக்கிய சீட்டின் உள்விரிசல் கண்ணுக்குத் தெரியாது. வளைகுடாவிலிருந்து வருபவர்கள் வீட்டில் விட்டுவராமல் சீட்டைக் கையோடு கொண்டு வரலாம். கைக்குழந்தைக்கான சீட்டைப் பல விமான நிறுவனங்கள் கட்டணமில்லாமல் ஏற்றிக்கொள்கின்றன; டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

வாடகைக் கார்தான் நம் நடைமுறையில் பெரிய சிக்கல். சீட் இருக்காது. பிரிட்டனில் டாக்சியில் சைல்டு சீட் இல்லையென்றால் பிள்ளை பின் சீட்டில் மட்டும் போகலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. மூன்று வயதும் அதற்கு மேலும் என்றால் பெரியவர் பெல்ட்டைப் போட வேண்டும், அதற்குக் கீழே என்றால் பெல்ட் இல்லாமல் போகலாம். இது அனுமதிதானே தவிரப் பாதுகாப்பு அல்ல. வேறு வழியே இல்லாத நாளில் உம்மா பின் சீட்டில் உட்காரட்டும், தன் பெல்ட்டைத் தான் போட்டுக்கொள்ளட்டும், அது குழந்தைக்கு மேல் வரக்கூடாது. டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். இரவுப் பயணத்தைப் பகலுக்கு மாற்றுங்கள். விமான நிலையத்துக்கு வழக்கமாக ஒரே வாடகை வண்டியை அழைப்பவர்கள், ஊரில் இருக்கும் சீட்டை முதல் நாளே அதில் பொருத்தி அனுப்பச் சொல்லலாம். அழைக்கப் போகிறவர்களில் இரண்டு பேர் வீட்டில் இருந்துவிட்டால் இடமும் கிடைக்கும்.

கடைசியாக, குழந்தையின் தலைக்குப் பின்னால் இருக்கும் பலகையைப் பாருங்கள். உம்ரா முடித்து வருகிறவர்கள் ஐந்து லிட்டர் ஜம்ஜம் கேனை அங்கே வைத்துவிடுவார்கள். மோதலில் அதன் எடையும் 70 கிலோ ஆகும். கேன், டிஃபன் கேரியர், அத்தர் பெட்டி எல்லாம் டிக்கியிலோ கால் வைக்கும் இடத்திலோ இருக்கட்டும். பின் கதவுகளின் விளிம்பில் இருக்கும் சைல்டு லாக் பித்தானைப் போட்டுவிடுங்கள். வெயிலில் நிறுத்திய வண்டியில் பெல்ட்டின் இரும்புப் பூட்டு தோலைச் சுடும்; இறங்கும்போது சீட்டின் மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டுவிட்டு வந்தால் திரும்பி வரும்போது பிள்ளை அழாமல் உட்காரும்.